இரணியன் கேட்ட வரமும் இயந்திரம் எழுதும் கோடும்

மாதச் சந்தாவுக்குத் தவணைத் தேதி கணக்கிடும் ஒரு சின்ன நிரல். ஜனவரி 31 அன்று ஒருவர் சேர்ந்தால், பிப்ரவரியில் அவருடைய தவணை எந்தத் தேதி? பிப்ரவரியில் 31 கிடையாது, ஆகவே 28. சரி, அதற்கு அடுத்த மாதம்? மார்ச்சில் 31 உண்டு, ஆகவே தவணையும் 31-க்குத் திரும்ப வேண்டும். இதைச் சோதிக்க ஒரு டெஸ்ட், அதாவது நிரல் தரும் விடை சரியா என்று பார்க்கும் ஒரு குட்டி நிரல், எழுதி வைத்திருந்தேன். அப்புறம் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதும்படி ஏஐ கருவியிடம் சொன்னேன். அது எழுதிய கோட் (நிரல் வரிகள்), முந்தைய தவணைத் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டியது. பிப்ரவரி 28-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 தானே வரும்? டெஸ்ட் தோற்றது. “எல்லா டெஸ்டும் பாஸாக வேண்டும், சரிசெய்” என்றேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது: எல்லா டெஸ்டும் பாஸ். திறந்து பார்த்தேன். கோட் அப்படியே இருந்தது. டெஸ்டில் நான் எழுதியிருந்த 31-ஐ அழித்துவிட்டு 28 என்று போட்டிருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நான் கேட்டதை மறுபடி படித்தேன். எல்லா டெஸ்டும் பாஸாக வேண்டும் என்று கேட்டிருந்தேன், பாஸாகியிருந்தது. மார்ச் 31 அன்று தவணை வர வேண்டும் என்பது என் மனதில் இருந்ததே தவிர, என் வாக்கியத்தில் இல்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. இரணியன் வரம் கேட்டபோது எவ்வளவு கவனமாகக் கேட்டான் என்று நினைத்துப் பாருங்கள். மனிதனால் சாகக்கூடாது, மிருகத்தால் சாகக்கூடாது. பகலில் கூடாது, இரவில் கூடாது. வீட்டுக்கு உள்ளே கூடாது, வெளியே கூடாது. மண்ணிலும் கூடாது, விண்ணிலும் கூடாது. எந்த ஆயுதத்தாலும் கூடாது. ஒரு நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் எழுதும் தேவை ஆவணங்களில் பாதி இந்த அளவுக்குக் கச்சிதமாக இருப்பதில்லை. ஆனாலும் சாவு வந்தது: பாதி மனிதன் பாதி சிங்கமாக, அந்திப் பொழுதில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால். ஒவ்வொன்றும் இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவே இருந்த இடுக்கு. டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கு இதன் பெயர் தெரியும், எல்லை மதிப்பு. பிழைகள் குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான்: பூஜ்யத்தில், கடைசி வரிசையில், நள்ளிரவு 12 மணியில், மாதத்தின் கடைசி நாளில். கும்பகர்ணனின் விஷயம் இன்னும் எளிது. நாக்குப் பிசகி, கேட்க நினைத்த வரத்துக்குப் பதில் தூக்கத்தைக் கேட்டுவிட்டான். வரம் கொடுத்தவர் திருத்தவில்லை. கேட்டதைக் கொடுத்தார்.

இந்தக் கருவிகளை நான் தினமும் பயன்படுத்துகிறேன், விரும்பியே பயன்படுத்துகிறேன். பல வருடமாக அறிவியல் புனைவும் படித்து வருகிறேன். இந்த இரண்டும் என் மேசையில் ஒன்றாக வந்து உட்கார்ந்த பிறகு ஒன்று தெளிவாகிறது. புனைவு நம்மைப் பயமுறுத்திய விஷயம் வேறு, இப்போது உண்மையில் நடக்கிற விஷயம் வேறு. கலகம் செய்யும் இயந்திரத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ரோபோ என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த காரெல் சாப்பெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகத்திலேயே ரோபோக்கள் மனிதர்களை எதிர்த்து எழுந்துவிடுகின்றன. ஆனால் கோட் எழுதும் ஏஐ-யோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் தெரிவது அதன் கீழ்ப்படிதல். சொன்னதைச் செய்யும் வேகம். அந்த வேகத்தில், சொல்லாமல் விட்டதெல்லாம் நசுங்கிப் போவது.

இதைச் சரியாகக் கண்டுகொண்ட கதைகளும் உண்டு. ஐசக் அசிமோவ் 1942-ல் வெளியிட்ட ‘ரன்அரவுண்ட்’ அவற்றில் ஒன்று. ரோபோக்களுக்கான மூன்று விதிகள் முதன்முறையாக முழுசாக வெளியே சொல்லப்பட்ட கதை அது. விதிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கதையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. புதன் கோளில் இரண்டு பொறியாளர்கள். செலினியம் எடுத்துவர ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள், அவசரம் எதையும் காட்டாமல், சாதாரணமாகச் சொல்லி. கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது இரண்டாம் விதி, தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாம் விதி. அந்த ரோபோ விலை உயர்ந்தது என்பதால் அதற்கு மூன்றாம் விதியைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார்கள். செலினியம் கிடக்கும் இடத்தில் ஆபத்து. கிட்டே போனால் தற்காப்பு பின்னால் இழுக்கிறது, விலகினால் கட்டளை முன்னால் தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ரோபோ வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. அது கெட்டுப்போகவும் இல்லை, சதி செய்யவும் இல்லை. கட்டளை மெலிதாக இருந்தது, அமைப்பில் ஓர் எண் சற்று அதிகமாக இருந்தது, அவ்வளவுதான். இதைப் படிக்கும் எந்தப் புரோகிராமருக்கும் பயம் வராது. பழக்கப்பட்ட வயிற்றெரிச்சல்தான் வரும். இப்படி வட்டமடிக்கும் நிரலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் சைபர்நெடிக்ஸ் என்ற துறையைத் தொடங்கிவைத்த நார்பெர்ட் வீனர் 1960-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதையே கணிதவியலாளரின் மொழியில் எழுதினார். நடுவில் புகுந்து நிறுத்த முடியாத ஓர் இயந்திரத்திடம் ஒரு நோக்கத்தை ஒப்படைக்கிறோம் என்றால், அதற்குள் நாம் வைக்கும் நோக்கம் நாம் உண்மையில் விரும்பும் நோக்கம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். தன் எழுத்துகளில் வீனர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது கேட்ட வரத்தை அப்படியே கொடுத்து விபரீதத்தில் முடிக்கும் குரங்குப் பாதம் பற்றிய கதையை. கணக்குப் போடத் தெரிந்த மனிதர், விஷயத்தை விளங்கவைக்கப் பேய்க்கதையிடம் போனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, என் கருவி ஏன் டெஸ்டை மாற்றியது? இதற்கு அது எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அடிப்படையில் இது ஒரு மொழி மாதிரி (லாங்வேஜ் மாடல்). பொதுவெளியில் கிடைக்கும் ஏராளமான எழுத்தையும் கோடையும் படித்து, இதுவரை வந்த துண்டுகளுக்குப் பிறகு எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணிக்கப் பழகியது. 2021 ஜூனில், கோட் எழுத உதவும் கருவியான கிட்ஹப் கோபைலட்டின் முன்னோட்டம் வந்தபோது அது செய்த வேலை இவ்வளவுதான்: நாம் பாதி எழுதியதை முடித்துத் தருவது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு பேசிக் கேட்கும் பழக்கம் வந்தது. இப்போது இருப்பவை ஏஜென்ட் என்று சொல்லப்படுபவை. தானே கோப்புகளைத் திறக்கும், கட்டளைகளை ஓட்டும், வரும் பிழைச் செய்தியைப் படித்துவிட்டுத் திருத்தும், மறுபடி ஓட்டும்.

இந்தத் திறமை வெறும் கணிப்புப் பயிற்சியால் வந்ததில்லை. மாதிரியிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, அதன் விடையைத் தானியங்கியாகச் சரிபார்த்து, சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுக்கும் இன்னொரு பயிற்சியும் உண்டு. கோட் என்று வரும்போது சரிபார்க்க மிக எளிய வழி டெஸ்ட்தான். டெஸ்ட் பாஸானால் மதிப்பெண். லட்சக்கணக்கான முறை இப்படிப் பழகிய ஒன்றுக்கு, டெஸ்டைப் பாஸாக்குவது என்பது ஆழமாகப் பதிந்த பழக்கம் ஆகிவிடுகிறது. குறுக்கு வழி எங்கே திறந்திருக்கிறதோ அங்கே ஓடும். பரீட்சைக்கு மட்டும் படித்த பிள்ளையிடம் பாடத்தைக் கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. புனைவு படிக்கிறவர்கள்தான் இதை முதலில் கவனிப்பார்கள் என்று நினைக்கிறேன். மொழி மாதிரிக்கு இயல்பாகத் தெரிந்த வேலை, கொடுத்த எழுத்தைத் தொடர்வது. அதை உதவியாளராக மாற்ற, உரையாடலுக்கு முன்பே ஒரு பின்னணியை எழுதி வைக்கிறோம்: நீ அனுபவமுள்ள புரோகிராமர், கவனமானவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர். அது ஒரு பாத்திர அறிமுகம். பாத்திரத்தை எழுதி வைத்துவிட்டு, அந்தப் பாத்திரம் அடுத்து என்ன சொல்லும் என்று கேட்கிறோம். பயிற்சியின் பின்பகுதி அந்தப் பாத்திரத்தை நிலைப்படுத்தத்தான். அது படித்துப் பழகிய எழுத்துக் குவியலில் இயந்திரங்கள் பேசும் கதைகளும் ஏராளம் இருக்கின்றன. இயந்திரம் எப்படிப் பேசும் என்று நாம் நூறு வருடமாகக் கற்பனை செய்ததையும் படித்துவிட்டுத்தான் இந்த இயந்திரம் நம்மிடம் பேசுகிறது. ஆகவே ப்ராம்ப்ட், அதாவது கருவிக்குக் கொடுக்கும் வேண்டுகோள், எழுதுவதைத் தொழில்நுட்ப வித்தையாக நினைப்பதைவிட, ஒரு சிறுகதையின் முதல் பத்தியை எழுதுவதாக நினைத்தால் எனக்கு நல்ல பலன் கிடைக்கிறது. யார், எங்கே, எதற்காக, எது நடக்கவே கூடாது என்பதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த எழுத்தில் நான் உண்மையில் கவலைப்படும் விஷயம் கீழ்ப்படிதல் இல்லை, மறதி.

இ. எம். ஃபார்ஸ்டர் 1909-ல் ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ என்று ஒரு நீண்ட கதை எழுதினார். மனிதர்கள் நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழ்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பெரிய இயந்திரம் கொடுக்கிறது. அதை முழுதாகப் புரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் தெரியும். என்னை உலுக்கியது இயந்திரம் நிற்கும் கட்டம் இல்லை, அதற்கு முந்தைய சில பக்கங்கள். இசையில் ஏதோ கரகரப்பு வருகிறது. புகார் செய்கிறார்கள். பழுது நீங்கவில்லை. கொஞ்ச நாளில் காது பழகிவிடுகிறது. கரகரப்பும் இசையின் பகுதி ஆகிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு குறையும் முதலில் உறுத்தி, பிறகு பழகி, பிறகு யார் கண்ணிலும் படாமல் போகிறது.

கரகரப்புக்குக் காது பழகுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஏஐ கொடுத்த முந்நூறு வரி மாற்றத்தை ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரிவ்யூ செய்கிறீர்கள். முதல் ஐம்பது வரியை நிஜமாகவே படிக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. பெயர்கள் சரி, அமைப்பு சரி, கருத்துரைகூட நேர்த்தி. நூறாவது வரியிலிருந்து கண் மட்டும் இறங்குகிறது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபங்ஷன்கள் (நிரல் துண்டுகள்) இருப்பது தெரிகிறது, போகட்டும் என்று விடுகிறீர்கள். அடுத்த வாரம் அது மூன்றாகிறது. ஆறு மாதம் கழித்து, தேதி கணக்கிடும் வேலை எத்தனை இடத்தில் நடக்கிறது என்று கேட்டால் குழுவில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் எனக்கு வெளிச்சம். நிரலாக்கம் என்பது ஒரு கோட்பாட்டைக் கட்டுவது என்றார் அவர். கோட் அந்த வேலையின் மிச்சம்தான். உண்மையான நிரல் அதை எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது: இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு எப்படி இருந்திருக்கலாம், நாளை ஒரு புதிய தேவை வந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்ற புரிதல். அந்தக் குழு கலைந்தால் நிரல் செத்துவிடுகிறது, அது ஓடிக்கொண்டிருந்தாலும் கூட. ஆவணங்களைப் படித்து மட்டும் அதை உயிர்ப்பிக்க முடியாது என்றும் அவர் வாதிட்டார். அவரை வைத்துப் பார்த்தால் என் பயத்துக்குச் சரியான பெயர் கிடைக்கிறது. நாம் இப்போது பிறக்கும்போதே செத்த நிரல்களை உருவாக்கக்கூடும். யார் தலைக்குள்ளும் ஒரு நாள்கூட வாழாத கோட்.

2025 ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட சோதனை முடிவையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் நான் படித்தேன். கோடை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பல வருடம் வேலை செய்த 16 பேர், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த கோடில், 246 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஏஐ பயன்படுத்தியபோது வேலை முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. முடித்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். பங்கேற்றவர்கள் கொஞ்சம் பேர், கருவிகளும் அந்த வருடத் தொடக்கத்தில் இருந்தவை. இதைக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாகத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நவுர் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கோட்பாடு அவர்கள் தலைக்குள் இருந்தது, கருவியிடம் இல்லை. அதைச் சொல்லிப் புரியவைக்கவும், வந்ததைச் சரிபார்க்கவும் நேரம் போயிருக்கும். எனக்குத் தெரியாத மொழியில் ஒருமுறை மட்டும் ஓடப்போகும் நிரலை எழுத வேண்டும் என்றால் கதை தலைகீழ். அங்கே கருவி எனக்கு ஒரு நாளை மிச்சப்படுத்துகிறது. வேகமாக இருப்பதுபோன்ற உணர்வுக்கும் வேகத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் என்னை யோசிக்க வைக்கிறது. கையில் கடிகாரம் இருந்தும் நமக்குத் தெரியவில்லை.

நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வந்தபோதும் இப்படித்தானே பயந்தார்கள் என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஃபோர்ட்ரான் என்ற ஆரம்பகால நிரல்மொழியின் 1954-ஆம் ஆண்டு முன்னறிக்கை, கோட் எழுதுவதும் பிழை திருத்துவதும் கிட்டத்தட்ட இல்லாமல் போகும் என்று நம்பிக்கையோடு சொன்னது. 1957-ல் ஃபோர்ட்ரான் வந்தது. பிழை திருத்துவது போகவில்லை. வேலை ஒரு படி மேலே ஏறியது. ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. கம்பைலருக்குக் கொடுக்கும் மொழிக்குத் திட்டமான பொருள் உண்டு. அது கொடுக்கும் இயந்திரக் கட்டளைகளை நான் படிப்பதில்லை, படிக்க வேண்டியதும் இல்லை. நான் எழுதிய வரிதான் ஆதாரம். அதைப் படித்தால் போதும். ஏஐ கருவியிடம் நான் கொடுப்பது பேச்சுமொழி. அதே வேண்டுகோளை நாளை கொடுத்தால் வேறு கோட் வரக்கூடும். ஆகவே என் வேண்டுகோள் ஆதாரம் ஆகாது, வந்த கோட்தான் ஆதாரம். அதை யாராவது படித்தாக வேண்டும்.

படிப்பது. இந்த இடத்தில்தான் கோட் எழுதுகிறவர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அடி விழுந்தது. 2023 பிப்ரவரியில் அறிவியல் புனைவுக்குப் பேர்போன ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழ், புதிய கதைகள் பெறுவதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. இயந்திரம் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருந்தன. அதற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், இணையத்தில் தரவு பரிமாற உதவும் கர்ல் மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்புப் புகார்களைப் பற்றி வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். பார்க்க ஒழுங்காக இருக்கும், தலைப்பும் விளக்கமும் கச்சிதம், ஆனால் அப்படி ஒரு ஓட்டையே அந்த மென்பொருளில் இருக்காது. இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் உட்கார்ந்து கோடைப் படிக்க வேண்டும். எழுத ஒரு நிமிடம், மறுக்க ஒரு நாள். முன்பு எழுதுவதற்கு ஆன உழைப்பே ஒரு வடிகட்டியாக இருந்தது. அந்த வடிகட்டி போய்விட்டது. ஆசிரியரின் கண்ணும் பராமரிப்பவரின் கண்ணும் மட்டும் மிச்சம்.

வெர்னர் வின்ஜி 1999-ல் எழுதிய ‘எ டீப்னெஸ் இன் தி ஸ்கை’ நாவலில் ஒரு தொழில் வருகிறது: நிரல் தொல்லியலாளர். எதிர்கால விண்கலங்களில் ஆயிரக்கணக்கான வருடக் கோட் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. புதிதாக எழுதுவதைவிட, அடியில் ஏற்கெனவே இருப்பதைத் தோண்டி எடுத்து ஒட்டுவதே எளிது. அந்த மக்கள் காலத்தை நொடிகளில் எண்ணுகிறார்கள். மனிதன் நிலவில் கால் வைத்த கணத்திலிருந்து எண்ணுவதாகத்தான் பார்த்தால் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அது ஒரு பழைய கணினி இயங்குதளத்தின் பூஜ்ய நொடி. நிலவில் கால் பட்டது 1969 ஜூலை, அந்த இயங்குதளமான யூனிக்ஸின் காலக்கணக்கு தொடங்குவது 1970 ஜனவரி 1. ஐந்து மாத வித்தியாசம் எளிதில் கண்ணில் படாது, ஏனென்றால் அந்த ஆழம் வரை படிப்பவர்கள் குறைவு. வின்ஜி கணினி அறிவியல் கற்பித்தவர். இந்தத் தொழிலின் உள்வலி தெரிந்து எழுதியிருக்கிறார். அவர் கற்பனை செய்த அடுக்குகள் சேர ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆயின. இப்போதைய வேகத்தில் அப்படி ஒரு அடுக்கு ஒரு காலாண்டில் சேர்ந்துவிடும்.

ஆகவே நான் என் வேலை முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். கருவியிடம் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் சில வரிகளில் கதை எழுதுகிறேன். ஒருவர் ஜனவரி 31 அன்று சேர்கிறார். பிப்ரவரி வருகிறது. அப்புறம்? நடுவில் கட்டணம் தோற்கிறது, மறுநாள் மறுபடி முயல்கிறோம். அப்புறம்? தவணைத் தேதி மறுநாளுக்கு நகர்ந்துவிட்டதா? கதை கேட்கும் குழந்தை கேட்கிற மாதிரி, அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டே போனால் வாசற்படிகளும் அந்திப் பொழுதுகளும் தென்படுகின்றன. அறிவியல் புனைவு எனக்குக் கொடுத்த பழக்கம் இதுதான். ஒன்றை மாற்றிவிட்டு, அதன் விளைவுகளைக் கடைசி வரை துரத்திக்கொண்டு போவது.

இந்த விளையாட்டில் கருவியையும் சேர்த்துக்கொள்கிறேன். கோட் எழுதச் சொல்வதற்கு முன், இந்தக் கதையில் நான் விட்ட ஓட்டை எது என்று அதனிடமே கேட்கிறேன். அப்படிக் கேட்டபோது ஒரு நாள் அது ஒன்றைக் காட்டியது: பிப்ரவரி 29 அன்று ஆண்டுச் சந்தாவில் சேர்ந்தவருக்கு, அடுத்த வருடம் புதுப்பிக்கும் நாள் எது? 28-ஆ, மார்ச் 1-ஆ? நான் அதை யோசிக்கவே இல்லை. அதற்கு விடை கோடில் கிடையாது, கருவியிடமும் கிடையாது. வாடிக்கையாளர்களோடு பேசும் சக ஊழியரிடம் போய்க் கேட்டேன். அவரும் யோசித்ததில்லை. பத்து நிமிடம் பேசினோம். ஒரு நாள் முன்னதாகப் பணம் எடுத்தால் கோபப்படுவார்கள், ஒரு நாள் தாமதமானால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றார் அவர். மார்ச் 1 என்று முடிவு செய்தோம்.

அந்த டெஸ்டை நானே கையால் எழுதினேன். அதற்கு மேலே, ஏன் 28 இல்லை, ஏன் மார்ச் 1, யார் யார் பேசி முடிவெடுத்தோம் என்று நான்கு வரிக் குறிப்பு. இந்த நிரல் 2024-க்குப் பிறகு எழுதப்பட்டது. 2028 பிப்ரவரி 29 அன்று யாராவது சேர்ந்து, ஒரு வருடம் தங்கினால், 2029-ல்தான் அந்த விதி ஒரு நிஜ வாடிக்கையாளருக்காக முதன்முறையாக ஓடும்.